தலையெழுத்தா, மூளையெழுத்தா?

பலகையில் எழுதிக்காட்டி அழித்தவுடன் திருப்பிச் சொல்லவில்லையென்று குழந்தையைப் பிரம்பால் அடித்து, "இவன் தலையெழுத்து இவ்வளவுதான்" என்று சொல்லும் உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் இன்றும் இருக்கிறார்கள். அந்த எழுத்தைப் படித்தவர் யார் என்று நாம் கேட்கிறோம். 1924-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்பவர் மனித மூளையின் மின்சார அசைவைக் காகிதத்தில் கோடாகப் பதிவு செய்தார். அதில் பிரம்மாவின் கையெழுத்து இல்லை, அலைகளே இருந்தன. கண்மூடி ஓய்ந்திருக்கும் பெரியவருக்கு அவ்வலை வினாடிக்குச் சுமார் 10. சிறு குழந்தைக்கு அதனினும் குறைவு. வயது ஏற ஏற வேகமும் ஏறுகிறது. கண்ட பொருள்களைச் சில வினாடி மனதில் நிறுத்துவதிலும் பெரியவருக்கே மூன்று நான்குதான் நிற்கும். குழந்தைக்கு இன்னும் குறைவு, அதுவும் வயதோடு வளரும். வளருகிறதை விதி என்பது மடமை. அதற்காக அடிப்பது கொடுமையல்லவா? தோழர்களே, பிரம்பை எறியுங்கள்! கொஞ்சமாகக் காட்டுங்கள், மறுபடியும் காட்டுங்கள்.