நம்மூர்ப் பிள்ளையும் 97 வாக்குகளும்

அமெரிக்காவில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஸ்ரீ ஸ்ரீனிவாசனைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் உடனே சொல்வது, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், 1967-இல் பிறந்தது சண்டிகரில் என்பதைத்தான். கீதை மீது கை வைத்துப் பிரமாணம் எடுத்தாரே என்பார்கள். பெருமைதான், எனக்கும் உண்டு. ஆனால் கன்சாஸில் வளர்ந்த அவரை நீதிபதியாக்கியது ஊர்ப்பாசம் அல்லவே!

2012 ஜூனில் ஒபாமா அவர் பெயரை முன்மொழிந்தார். பிறகு ஏறக்குறைய ஒரு வருடக் காத்திருப்பு. நடுவே செனட் குழுவின் முன் பகிரங்கமாக உட்கார்ந்து, இரு கட்சியாரின் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். புஷ், ஒபாமா இருவர் ஆட்சியிலும் அரசுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர். 2013 மே மாதம் 97 வாக்குகள் ஆதரவு. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 2020-இல் அங்கேயே தலைமை நீதிபதியானார்.

அங்கும் கட்சி அரசியல் உண்டு. அதே நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட கெய்ட்லின் ஹாலிகன், செனட்டில் முட்டுக்கட்டை விழுந்ததால் 2013 மார்ச்சில் விலகினார். ஆனால் தடுத்தவர் யார் என்பது ஊருக்கே தெரிந்தது.

இங்கே உயர் நீதிமன்றங்களுக்குப் பெயர்களைத் தேர்வு செய்யும் கொலீஜியம் கூடுவது மூடிய அறையில். 2017 முதல் தீர்மானங்கள் வெளிவருகின்றன. காரணங்கள் முழுமையாக வருவதில்லை. அரசியல்வாதிகள் நீதிபதியைக் குறுக்கு விசாரணை செய்வதை நான் கேட்கவில்லை. ஏற்றதற்கும் தள்ளியதற்கும் காரணத்தை எழுதி வெளியிடட்டும் என்றுதான் கேட்கிறேன்.