அத்தான், கேட்டுப் பாருங்க!

துபாயிலிருந்து லீவில் நாகர்கோவில் வந்த மச்சினன் ஒரு ஹெட்ஃபோனை நீட்டினான். "பிளேனார் அத்தான்! ஒரு வாரம் கேளுங்க. பிடிச்சா எடுத்துக்கிடுங்க." விலையைக் கேட்டேன். பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம்!

சாதாரண ஹெட்ஃபோனில் இருப்பது குட்டி ஸ்பீக்கர். இதில் காந்தங்களை ஒட்டி ஒரு மெல்லிய படலம். கம்பித்தடம் அதன்மேலேயே ஓடுவதால் படலம் முழுக்க ஒரே சீராக அதிரும். புதுசு ஒன்றுமில்லை... 1976-லேயே யமஹா ஹெச்பி-1 வந்தாயிற்று.

செல்போனில் சொருகினேன். முனகியது. தனி ஆம்ப்ளிஃபையர் கேட்கிறது, ராஜா வீட்டுப் பிள்ளை! அதையும் மாட்டி, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) போட்டேன். நரசிம்மனின் வயலினில் வில் உரசுவதுகூடக் கேட்டது. பாஸ் வயிற்றில் குத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டும் தனித்தனி. குறை? கழுத்து வலி. முதுகு திறந்த மாடல் என்பதால் பாட்டு அடுக்களைவரை ஒழுகுகிறது.

"தலையில என்னடே, பனங்கொட்டையா?" என்றார் அப்பா. மூன்று வருஷமாக டி.வி.யை அலறவிட்டுப் பார்ப்பவர். சும்மா மாட்டிவிட்டு வால்யூமைக் கூட்டினேன். கண்ணை மூடினார். பாட்டு முடிந்தும் கழற்றவில்லை. "லேய்... இதெல்லாம் இன்னும் கேக்குதுடே எனக்கு!"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

ஹெட்ஃபோன் மச்சினனிடமே போய்விட்டது. அந்தக் காசு காது டாக்டரிடமும், காதுக்குள் வைக்கிற மெஷினிடமும் போயிற்று.

நேற்று வழக்கம்போல, "அப்பா, காப்பி!" என்று கத்தினேன்.

"எதுக்குடே இந்தக் கத்து? நான் என்ன செவிடனா?"