வெளியே காயமே இல்லை... உள்ளே மண்ணீரல் கிழிந்திருந்தால்?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி உரசி, பைக்கோடு விழுகிறார் ஒருவர். ஹேண்டில்பார் இடது விலாவில் குத்துகிறது. ரத்தம் வரவில்லை. "ஒண்ணும் ஆகல, வீட்டுக்குப் போய்ப் படுத்தா சரியாயிடும்" என்று கிளம்புகிறார். ஆபத்தே அங்கேதான்.

இடது விலாவுக்கு அடியில் இருக்கும் மண்ணீரல் சுமார் 150 கிராம்தான். ஆனால், இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் அதற்குள் பாய்கிறது. கிழிந்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். சிலருக்குச் சில நாட்கள் கழித்தும் கசிவு பெரிதாகலாம்.

எப்படித் தெரியும்?

இடது மேல்வயிற்றில் வலி, இடது தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், வியர்வை, வேகமான நாடித்துடிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்து, வயிற்றில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் சீராக இருந்தால் சி.டி. ஸ்கேன். அதை வைத்துக் காயத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள்.

ஆபரேஷன் கட்டாயமா?

இல்லை. நிலைமை சீராக இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் படுக்கையில் வைத்துக் கண்காணித்தாலே போதும். தேவைப்பட்டால், ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கசிவை அடைப்பார்கள். ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போனால்தான் அவசர ஆபரேஷன். மண்ணீரலை எடுத்துவிட்டால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் அவசியம். அதன்பிறகு சாதாரண காய்ச்சலையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

செலவு? கூலி?

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வடசென்னைக்கு ராயபுரம் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆபரேஷன் இல்லாமல் ஆறும் மண்ணீரலுக்குப் பல வாரம் ஓய்வு வேண்டும்; பாரம் தூக்கக் கூடாது. இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால், வேலை விபத்துக்கான ஓய்வுக் காலத்தில் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும், அது வேலையோடு தொடர்புடையது என்றால், இது பொருந்தும். பதிவு இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கோ லீவு போட்டால் கூலி போச்சு. அதனால்தான் ஆறாத காயத்தோடு மூட்டை தூக்கப் போகிறார்.

"ரெஸ்ட் எடுங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த ஓய்வுக்குக் கூலி கிடைக்க வேண்டும். தகுதியுள்ள ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியையும் இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்வது நிறுவனங்களின் கடமை. அதை உறுதிசெய்வது அரசின் கடமை.