கால் போனால் கொள்முதல் இல்லை

சர்க்கரை நோயோடு நாள் முழுவதும் கடையில் நிற்பவர்கள் நம்மில் பலர். காலில் ஆறாத புண் வந்தால் ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். களிம்பு தடவி நாள் கடத்தினால் காலையே இழக்க நேரிடும். ரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆனால் திட்டத்தில் உள்ள எல்லா மருத்துவமனைக்கும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி கிடையாது. வாசல் பலகையை மட்டும் நம்பிப் போய் அலைய வேண்டாம். 'ரத்தநாள அறுவைக்கு அட்டை செல்லுமா?' என்று 1800 425 3993 எண்ணில் முதலில் கேளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறையே இருக்கிறது.

விலைப்பட்டியல் ஒட்டும் நம் சங்கங்கள், மாவட்டந்தோறும் இந்த மருத்துவமனைகளின் பட்டியலையும் விசாரித்துக் கடைவீதியில் ஒட்ட வேண்டும் என்பதே நம் கருத்து.