மாற்றாமல் விட்டதையும் எழுதித் தாருங்கள்

வெப்சைட் தயாரிக்க ஒரு பிரேம்வொர்க்கை எடுத்துக் கொண்டால், நாம் கை வைக்காத விஷயங்களை அதுவே முடிவு செய்துவிடும். இவைதான் டிபால்ட் செட்டிங்குகள்.

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோவைப் பாருங்கள். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் பிறந்து 2005-ல் வெளியானது. நேர மண்டலத்தை நீங்கள் குறிப்பிடாவிட்டால், இன்றும் அது சிகாகோ நேரத்தையே எடுத்துக் கொள்ளும். தாம்பரத்தில் ஜூலை 1 காலை 9 மணிக்கு அனுப்பிய விண்ணப்பம், ஜூன் 30 இரவு 10.30 என்று பட்டியலில் நிற்கும். கடைசித் தேதி உள்ள விண்ணப்பம் என்றால் வம்புதான். புதிய புராஜெக்ட்டுடன் வரும் செட்டிங்ஸ் பைலில் யுடிசி என்று இருக்கும். அதுவும் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. ஏசியா/கொல்கத்தா என்று நாம்தான் மாற்ற வேண்டும்.

ஜாங்கோவை நான் குறை சொல்லவில்லை. அதன் கையேட்டில் ஒவ்வொரு செட்டிங்கின் கீழும் டிபால்ட் மதிப்பு இருக்கிறது. சிகாகோ ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது: முதலில் அப்படி வெளியானதால், பழைய தளங்கள் கெடாமலிருக்க அப்படியே விட்டிருக்கிறார்கள். காரணம் தெரிந்தால்தானே மாற்றலாமா என்று யோசிக்க முடியும்?

குறை நம் பக்கம். சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் டியூஷன் சென்டர்களுக்கும் கடைகளுக்கும் தளம் செய்து தருபவர்களில் பலர், யூசர் நேம், பாஸ்வேர்டு எழுதிய ஒரு துண்டுத் தாளோடு விடைபெறுகிறார்கள்.

லாகின் விஷயத்தைப் பாருங்கள். ஜாங்கோவில் ஒருமுறை நுழைந்தால் 12,09,600 விநாடி, அதாவது இரண்டு வாரம், அது நீடிக்கும். பிரவுசரை மூடினாலும் போகாது. வீட்டில் இது வசதி. பிரவுசிங் சென்டரில்? குக்கிகளை அழிக்கும் ஏற்பாடு அங்கே இல்லையென்றால், லாக் அவுட் செய்யாமல் எழுந்து போன மாணவியின் கணக்கில், அடுத்து உட்காருபவர் சுலபமாக நுழைவார். முகவரி, போன் நம்பர், மதிப்பெண் எல்லாம் கண் முன்னே. பிரவுசரை மூடியதும் லாகின் முடிய வேண்டுமா என்பதற்கு ஒரே ஒரு செட்டிங்தான். அதைச் சென்டர் நடத்துபவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"சோர்ஸ் கோடு திறந்துதானே கிடக்கிறது, பார்த்துக் கொள்ளட்டும்" என்பார்கள் நம் ஆட்கள். கணக்கு வாத்தியார் சோர்ஸ் கோடு படிப்பாரா?

வேலை பெரிதல்ல. டிப்செட்டிங்ஸ் என்ற கட்டளை, மாற்றிய செட்டிங்குகளைக் காட்டும். 'ஆல்' சேர்த்தால் மாற்றாதவையும் வரும். (ரகசியச் சாவியும் அதில் வரும். அப்படியே பிரிண்ட் எடுத்து நீட்டிவிடாதீர்கள்!) நேரம், லாகின், அப்லோடு அளவு என உரிமையாளரைத் தொடுபவற்றை மட்டும் தமிழில், காரணத்தோடு ஒரு பக்கத்தில் எழுதலாம். தளம் செய்யக் கொடுத்திருப்பவர்கள், கடைசித் தவணைப் பணம் தருமுன் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அதில் ஜாங்கோவின் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். 2023 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில், நேர மண்டலக் கணக்கைப் பயன்படுத்தும் செட்டிங்கின் டிபால்ட்டே 'இல்லை' என்பதிலிருந்து 'ஆம்' என்று மாறிவிட்டது.