காயம் தின்ற குறவனும் கேலி செய்த வைதீகனும்

கொல்லிமலையிலிருந்து காரவள்ளி அடிவாரம் வந்து சேர 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மலைமேல் ஒருத்தியின் பிரசவம் சிக்கலானால் அத்தனை வளைவிலும் குலுங்கிக்கொண்டே நாமக்கல்லுக்கு இறங்கியாக வேண்டும். அவளோடு வண்டியில் ஏறுகின்றவர்கள் யார்? தாயார், மாமியார், இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரி. புருஷனோ அறப்பளீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு, "ஆணா, பெண்ணா?" என்ற சேதிக்குக் காத்திருப்பான். எல்லாப் புருஷர்களையும் சொல்லவில்லை. ஆனால் அப்படி இருப்பவனை ஊர் ஒரு வார்த்தை குறை சொல்வதுண்டா? மலையில் மாத்திரமா? சேந்தமங்கலத்திலும் சென்னையிலும் இதே கதைதான்.

'புத்' என்னும் நரகத்திலிருந்து தகப்பனைக் கரையேற்றுகிறவனே புத்திரன் என்று மனுதர்மம் 9-வது அத்தியாயத்தில் எழுதி வைத்திருக்கின்றது. அதாவது, தகப்பனாவது செத்த பிறகு வரும் லாபத்துக்காக! வயிற்றிலிருக்கும் சிசு ஆணாக வேண்டுமென்று 'பும்ஸவனம்' என்று ஒரு சடங்கு வேறு. தட்சணை புரோகிதனுக்கு, பெண் பிறந்தால் ஏச்சு மனைவிக்கு. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம் தகப்பனிடமிருந்தே வருகின்றதென்று விஞ்ஞானம் நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருவது இவர்கள் காதில் விழவில்லை போலும்.

நிற்க, "குறத்தி பிள்ளை பெறக் குறவன் காயம் தின்றதுபோல" என்று ஒரு பழமொழி உண்டு. மனைவி பிரசவிக்கும்போது புருஷனும் படுத்துக்கொள்ளும் இவ்வழக்கத்தைப் பற்றி எட்கார் தர்ஸ்டன் 1906-ல் எழுதியிருக்கின்றார். மேல்சாதியார் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். மருந்து பெற்றவளுக்குத்தான் போக வேண்டும் என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. ஆனால், "இந்த நோவில் எனக்கும் பங்குண்டு" என்று ஊரறியச் சொன்னவன் அந்தக் குறவனா, பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்த வைதீகனா?

2000-ல் கனடாவில் கர்ப்பிணிகளின் புருஷர்களைச் சோதித்தபோது, பிரசவம் நெருங்குகையில் அவர்கள் இரத்தத்திலும் புரோலாக்டின் என்னும் சுரப்பு அதிகரித்திருந்தது. மனைவியைப் போலவே தமக்கும் மசக்கை, களைப்பு வந்ததாகச் சொன்னவர்களிடம் அது இன்னும் அதிகம். ஆகவே, தகப்பனாவது பிள்ளையின் முகம் பார்த்தபின் ஆரம்பிக்கும் காரியமென்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம்.

தோழர்களே! உங்கள் மனைவியோடு பரிசோதனைக்கு எத்தனை தரம் பஸ் ஏறினீர்கள்? மறைப்பு வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் புருஷனையும் பிரசவத் துணையாக விடலாமென்று மத்திய சர்க்கார் 2016-ல் சொல்லியாய்விட்டது. மறைப்புக்குத் திரைத்துணி நாலு கெஜம் போதாதா? மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தருக்குத் தகப்பன் லீவு 15 நாள் உண்டு. கொல்லிமலையில் மிளகு பறிக்கும் கூலிக்காரனுக்கு எத்தனை நாள்?