சாம்பாரில் பருப்பு எவ்வளவு?

தமிழ்நாட்டு நகர வீடுகளில் அன்றாடப் புரதம் பருப்பிலிருந்து வருவதாகவே பொதுவான எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால், சைவத் தட்டில் அதன் மிகப் பெரிய பங்கு அரிசியிலிருந்து வருகிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 8 கிராம் புரதம். அதே எடைத் துவரம்பருப்பில் ஏறக்குறைய 22 கிராம். ஆனால் அரிசி ஒரு நாளில் 200 கிராமைத் தாண்டுகிறது. துவரம்பருப்பு 20 கிராம் சேர்ந்தாலே பெரிது.

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் வேலை பார்க்கும், 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் சாதாரண நாளை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். காலையில் மூன்று இட்லி, மதியம் சாம்பார், பொரியல், தயிருடன் சாதம், மாலையில் டீ, இரவு இரண்டு தோசை. மாவில் அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று என்று வைத்தால், நாள் முழுவதும் அரிசி 225 கிராம், அதிலிருந்து 18 கிராம் புரதம். உளுந்து 30 கிராமில் 7. துவரம்பருப்பு 20 கிராமில் 4. பாலும் தயிரும் 6, காய்கறி 3. ஆக மொத்தம் 38 கிராம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். இந்தப் பெண்ணுக்கு அது 46 கிராம். எட்டு கிராம்தானே குறைகிறது என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் 0.83 என்பது தரமான புரதத்துக்குரிய எண். தானியத்தையே பெரிதும் நம்பிய உணவுக்குக் கிலோவுக்கு 1 கிராம் வேண்டும் என்று அதே ஆவணம் கூறுகிறது. அப்போது தேவை 55 கிராம், குறை 17 கிராம். உணவுச் சீட்டு எழுதும்போது பலர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள்.

தரத்தில் வரும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் லைசின். அரிசிப் புரதத்தில் அந்த அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம், அங்கே குறைவது மெத்தியோனைன். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது. சமைக்காத எடையில் தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்பது நல்ல கலவை. இட்லி மாவும் வெண்பொங்கலும் இதற்கு அருகில் நிற்கின்றன. பாட்டிமார் கைப்பக்குவத்தில் குறையில்லை. விகிதம் உடைவது மதியச் சாதத்தில். மேலே கண்ட தட்டில் அது ஐந்துக்கு ஒன்று. எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம் என்று கலவை சாதப் பொட்டலம் வாங்கிய நாளில், தாளிப்பில் விழுந்த கடலைப்பருப்பும் நாலைந்து வேர்க்கடலையும்தான் மிச்சம்.

கிண்டித் தொழிற்பேட்டைத் தொழிலாளியும் ஒலிம்பியா வளாகத்து மென்பொருள் ஊழியரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடும் பகுதி ஈக்காட்டுத்தாங்கல். இத்தகைய மெஸ்களில் சாதம் கேட்கக் கேட்க வரும், சாம்பாரும் ரசமும் அப்படியே. ஆம்லெட்டுக்கும் மீன் வறுவலுக்கும் தனிக் காசு. பசிக்கிறவர் எதைக் கூட்டுவார் என்பதை விலைப்பட்டியலே தீர்மானித்துவிடுகிறது.

எனவே "பருப்பு சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்வியால் பயனில்லை, எல்லோரும் ஆமாம் என்பார்கள். வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ பருப்பு வாங்குகிறார்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் விடை கிடைக்கும். நாலு பேர் வீட்டில் மாதம் 3 கிலோ என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின் மாதிரித் தட்டில் பருப்பு 85 கிராம். அதே வீட்டுக்கு அது மாதம் 10 கிலோவாகும். அசைவம் உண்போர் அதில் ஒரு பகுதியை முட்டை, மீன், இறைச்சியால் நிரப்பலாம். ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு பெரும் உதவிதான். ஆனாலும் நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம், புரதக் கணக்கில் 2 கிராம்கூட இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவு முட்டை ஒவ்வொன்றும் சுமார் ஆறு கிராம் தருகிறது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவது நியாயமான ஏற்பாடு என்றாலும், பழத்தில் புரதம் ஒரு கிராமைச் சுற்றியே.

ஏழை நாடுகளின் நோய்க்கெல்லாம் புரதப் பற்றாக்குறையே காரணம் என்று உலகம் பேசிக்கொண்டிருந்த 1960களில் அதை மறுத்தவர்களில் ஒருவர், சேலத்தில் பிறந்து ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வழிநடத்திய சி. கோபாலன். குழந்தைக்கு மொத்த உணவே போதவில்லை. வயிறு நிறையாதபோது கொடுக்கும் புரதமும் எரிபொருளாகவே கரைந்துபோகும் என்பது அவர் தரப்பு. அந்த உடலியல் இன்றும் மாறவில்லை, சூழல்தான் தலைகீழாகிவிட்டது. சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வில், தீட்டிய தானியங்கள் கலோரியில் கிட்டத்தட்டப் பாதியைத் தந்தது தெரியவந்தது. 2025இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி, இந்தியரின் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்து. கலோரியில் 5 விழுக்காட்டு மாவுச்சத்தின் இடத்தில் பருப்புப் புரதமோ பால் புரதமோ இருந்தால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைவதோடு தொடர்பு தெரிந்தது. முட்டையையும் சுண்டலையும் பழைய சோற்றளவின் மேல் ஏற்றினால் எடைதான் கூடும். ஒரு கரண்டி சாதத்தை விலக்கிய இடத்தில் அவை வர வேண்டும். மேற்படி பெண்ணுக்கு ஒரு முட்டை, 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், சாம்பாரில் இன்னும் 20 கிராம் பருப்பு என்றால் ஏறக்குறைய 17 கிராமும் நிரம்பிவிடுகிறது. முட்டை தொடாதவருக்கு 30 கிராம் வேர்க்கடலை அதே வேலையைச் செய்யும்.

இதற்கு டப்பா மாவு தேவையில்லை. 2024 வழிகாட்டியும் புரத மாவுகளைத் தவிர்க்கவே சொல்கிறது. ஆய்வகத்தில் அளக்கப்படுவது பெரும்பாலும் நைட்ரஜன் என்பதால், மலிவான கிளைசின் கலந்தாலும் புரதக் கணக்கு ஏறும் என்பதை உடற்பயிற்சிக்கூட இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

முதியவர்களின் கதை வேறு. தசை கரைவதைத் தடுக்கக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது 2013இல் ப்ராட்-ஏஜ் (PROT-AGE) நிபுணர் குழு சொன்னது. மயிலாப்பூரானாலும் மாம்பலமானாலும், வாயு என்று பருப்பை ஒதுக்கி இரவில் ரசம் சாதத்தோடு முடித்துக்கொள்ளும் பெரியவருக்கு இது எட்டாத அளவு. நன்றாகக் குழைத்த பாசிப்பருப்பும் தயிரும் அவருக்கு ஒத்துக்கொள்ளும். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரிப்பது நல்லது.

சிறுநீரக நோயில் கணக்கு இருமுறை திரும்புகிறது. டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் கிலோவுக்கு 0.8 கிராமில் நிறுத்த 2024இன் கேடிகோ வழிகாட்டி சொல்கிறது. டயாலிசிஸ் தொடங்கியதும் தேவை 1 முதல் 1.2 கிராமாக உயர்கிறது, ஏனெனில் ஒவ்வொரு அமர்விலும் அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. பருப்பை நிறுத்தச் சொல்லி எப்போதோ எழுதித் தந்த சீட்டு பல வீடுகளில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியபடியே இருக்கும். டயாலிசிஸ் தொடங்கும் வாரத்திலேயே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியது எழுதித் தருவது உணவியலாளரின் வேலை.